கேமிங் லேப்டாப்பா, கைக்கு அடக்கமானதா?

விருதுநகர் மாவட்டக் கரிசல் சீமையிலிருந்து கல்லூரிக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளின் வீட்டில் முதலில் எழும் கேள்வி, எந்த லேப்டாப் வாங்குவது என்பதுதான்.

கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல். சார்ஜர் செங்கல் மாதிரி; அதைத் தனியாகச் சுமக்க வேண்டும். பல மாடல்களில் அது 200 வாட்ஸைத் தொடும். கரன்ட் போனால்தான் சங்கதி தெரியும். பேட்டரியில் ஓடும்போது கிராஃபிக்ஸ் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் ஆடினால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கினாலே அதிகம். சித்திரை வெயிலில் உள்ளிருக்கும் ஃபேன் இரைச்சல் வேறு.

கைக்கு அடக்கமான சின்ன லேப்டாப் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. 65 வாட்ஸ் சார்ஜர் போதும். பெரும்பாலான படிப்புகளுக்கு அதன் வேகமும் போதும்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்தவற்றில் 2 ஜிபி ராம்தான் இருந்தது. அதிலேயே புரோகிராம் எழுதப் பழகிய கிராமத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர்!

அனிமேஷன், முப்பரிமாண வடிவமைப்பு படிப்பவர்களுக்குப் பெரியது அவசியம். அதில் கஞ்சத்தனம் கூடாது. மற்றவர்கள் சின்னதை வாங்கி, மிச்சப் பணத்தில் பின்னால் ராமைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமைப் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். கூட்ட இடமிருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிட வேண்டும்.