"கேள்வியே எழவில்லை" என்றார் அமைச்சர்!
(விவசாயிகள் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"டெல்லியில நம்மளப் பத்தி யாராவது வாயத் திறக்கிறாங்களா?" என்று ஊர் ஊராகக் கேட்கிறார்கள். திறக்கிறார்கள். உறுப்பினர்கள் கேள்வி கேட்கிறார்கள், அமைச்சரும் பதில் சொல்கிறார். என்ன பதில் என்பதுதான் சங்கதி.

2020 ஜூனில் அவசரச் சட்டமாக வந்த மூன்று வேளாண் சட்டங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள். எழுத்துமூலப் பதில் மட்டும்தான். செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் வாக்கெடுப்பு கேட்டன. எண்ணவில்லை, குரல் ஓட்டிலேயே சட்டம் நிறைவேறிவிட்டது என்றார்கள்.

வடநாட்டு விவசாயி டெல்லி எல்லையில் ஒரு வருஷம் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்தான். 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்கள் இரண்டு அவையிலும் ரத்தாயின. அதுவும் விவாதமே இல்லாமல்! கொண்டுவந்தபோதும் நம்மைக் கேட்கவில்லை, எடுத்தபோதும் பேச விடவில்லை.

அந்தக் கூட்டத்தொடரிலேயே, போராட்டத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டா என்று மக்களவையில் கேட்டார்கள். வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமர் எழுத்தில் தந்த பதில் என்ன? அமைச்சகத்திடம் பதிவு எதுவும் இல்லை, ஆகவே அந்தக் கேள்வியே எழவில்லை! சுமார் 700 பேர் இறந்ததாக விவசாய சங்கங்கள் சொல்லின. பஞ்சாப் அரசு பல குடும்பங்களுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தது. மாநில அரசின் கண்ணுக்குத் தெரிந்தது, மத்திய அமைச்சகத்தின் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போச்சு?

இப்போ விலைக்கு வருவோம். "செலவுக்கு மேல் ஒன்றரை மடங்கு கொடுத்துவிட்டோம்" என்பது இன்னொரு பதில். எந்தச் செலவு? 2024-25இல் சாதா நெல்லுக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அவர்கள் எடுத்த செலவு 1,533 ரூபாய். கையை விட்டுப் போன காசும், குடும்ப உழைப்புக்கான கூலியும்தான் அதில் இருக்கிறது. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும், போட்ட முதலுக்கு வட்டியையும் சேர்த்தால் அதே அரசுக் கமிஷன் கணக்குப்படி செலவு 2,008 ரூபாய். அதில் ஒன்றரை மடங்கு 3,012. குவிண்டாலுக்கு 712 ரூபாய் குறையுது! பதிலில் பொய் இல்லை, தோழர்களே. எந்தச் செலவு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள்.

ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் எப்போ என்றால், 2022 ஜூலையில் குழு போட்டோம் என்கிறார்கள். குழு இத்தனை தடவை கூடியது என்கிறார்கள். குழு கூடினால் நெல் விலை கூடுமா?

இதுக்கு நாம என்ன செய்யலாம்? கேள்வியில் இரண்டு வகை உண்டு. நட்சத்திரக் குறி போட்டதற்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்லணும், உறுப்பினர் துணைக் கேள்வி கேட்டு மடக்கலாம். குறி இல்லாததற்குக் காகிதத்தில் பதில் வரும், அத்தோடு சரி. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20தான். அதனால் நம்ம கேள்வியை அந்த இருபதில் சேர்க்கப் பாடுபடும்படி எம்.பி.யிடம் வற்புறுத்தணும். கூட்டத்தொடருக்கு முன்னாலேயே போகணும், ஏன்னா 15 நாள் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்தாகணும்.

இன்னொன்று. "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது" என்று அமைச்சர் சொன்னால் அது வெறும் பேச்சல்ல, உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்றணும். அதைக் கண்காணிக்க 1953இலிருந்து மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. நம்ம எம்.பி. அங்கே தொடர்ந்து கேட்டாரா என்று நாம் அவரைக் கேட்கணும்.

ஆகவே, ஒவ்வொரு கிளையும் கிராமக் கூட்டம் போட்டு மூன்று கேள்வி எழுதுங்கள். கையெழுத்து வாங்குங்கள். எம்.பி.யிடம் கொடுத்து நகலில் ஒப்புதல் வாங்குங்கள். பதில் வந்ததும் டீக்கடையிலும் கொள்முதல் நிலையத்திலும் ஒட்டுங்கள்.

பதிவு இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி நாமே பதிவு செய்வோம். கேள்வி எழவில்லை என்றால், நாம் எழுவோம்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!