கை ஓடல, கால் ஓடல

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். மன அழுத்தத்துக்கும் மனத் திணறலுக்கும் என்ன வித்தியாசம் என்று பேசச் சொன்னதும் எனக்கு வகுப்பறை ஞாபகம் வரவில்லை. தேர்தல் பணிதான் வந்தது. கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள்.

வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வேலை. முதல் நாளே இயந்திரம், படிவம், மை, அரக்கு, நூல்கண்டு வரை எண்ணி வாங்கிக்கொண்டு, ஏதோ ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுப்போம். தூக்கமா, அதெல்லாம் கிடையாது. விடியற்காலை ஐந்தரைக்கு வேட்பாளர்களின் முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 வாக்காவது போட்டுக் காட்டி, எண்ணி, அழித்து, சீல் வைத்து, ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்.

பகல் முழுக்க நெஞ்சு படபடக்கும். ஒரு பாட்டிக்குப் பட்டியலில் பேர் இருக்காது. இரண்டு முகவர்கள் முறைத்துக்கொள்வார்கள். எலுமிச்சம் சாதப் பொட்டலத்தைப் பிரிக்க மூன்று மணியாகும். ஆனால் அடுத்து என்ன செய்யணும் என்பது எனக்குத் தெரியும். சொல்லப்போனால் அந்தப் படபடப்பில்தான் என் கணக்கு தப்பாமல் இருந்தது. 1908-லேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எலிகளைப் பழக்கிப் பார்த்து இதைச் சொன்னார்கள். கடினமான வேலைக்குத் தூண்டுதல் மிதமாக இருந்தால் கற்பது வேகமாகிறது, அளவு மீறினால் கெட்டுப்போகிறது. இது அழுத்தம். நம் ஊரில் "தலைக்கு மேல வேலை" என்று ஓடிக்கொண்டே சொல்வோமே, அது.

திணறல் எனக்குச் சாயங்காலம் வந்தது.

வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குச் சீட்டுக் கொடுப்போம். அதைக் கடைசி ஆளிடமிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் புதிதாக ஒருவர் வந்து வாலில் ஒட்டிக்கொள்ள முடியாது. யார் யோசித்த விதியோ, கணக்கு டீச்சருக்கு ரொம்பப் பிடித்த விதி! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசி வாக்கும் விழுந்தது. இயந்திரத்தை மூடினேன். இனி வாக்குக் கணக்கு எழுதும் 17சி படிவம், முகவர்களுக்கு நகல், உறுதிமொழி, நாட்குறிப்பு, எது எதற்குள் போகும் என்று தெரியாத கவர்கள். பதிவேட்டில் இருந்த எண்ணிக்கையைவிட இயந்திரத்தில் ஒன்று குறைந்தது. வெளியே மண்டல அலுவலரின் வண்டி ஹார்ன் அடித்தது. ஒரே வரியை நாலு தடவை படித்தேன், ஒரு எழுத்துகூட உள்ளே போகவில்லை. கை ஓடல, கால் ஓடல. கூட இருந்தவர்கள் நல்லவர்கள். "மேடம், நான் என்ன செய்யட்டும்?" என்று மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். அந்தக் கேள்விதான் என்னை முழுசாகச் சாய்த்தது. பதில் சொல்ல வேண்டுமானால் எது முதலில், எது பிறகு என்று தெரிய வேண்டும். அதுதானே என்னிடம் இல்லாமல் போயிருந்தது? வரிசைப்படுத்துவதும் நினைவில் நிறுத்துவதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் வேலை. நெருக்கடி முற்றினால் முதலில் தளர்வது அதுதான் என்று பிற்பாடு படித்தேன். அன்றைக்கு, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

மை வைத்துக்கொண்டிருந்த பையன், இருபத்தைந்து வயசு இருக்கும், ஒன்றும் கேட்கவில்லை. என் மடியிலிருந்த கவர்களை எடுத்து பெஞ்சில் வைத்தான். ஒரு டம்ளர் டீயை நீட்டினான். "டீச்சர், பத்து நிமிஷம் வராந்தாவுல நில்லுங்க. நாங்க எதையும் தொடமாட்டோம். வண்டிக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். நின்றேன். வேப்பமரத்தில் காக்கைகள் அடைந்துகொண்டிருந்தன. திரும்பி வந்தபோது மேஜையில் ஒரே ஒரு பதிவேடு திறந்திருந்தது, மற்றதெல்லாம் கண்ணில் படாத இடத்தில். காணாமல் போன அந்த ஒன்று அதிலேயே இருந்தது. காலையில் கையெழுத்துப் போட்ட ஒருவர், வாக்களிக்க விருப்பமில்லை என்று திரும்பிப் போயிருந்தார். குறிப்பு எழுதி வைத்தவள் நானேதான்!

ஓடிக்கொண்டிருப்பவரிடம் "எதைப் பிடிக்கட்டும்?" என்று கேளுங்கள், சந்தோஷப்படுவார். உறைந்து உட்கார்ந்திருப்பவரிடம் கேட்காதீர்கள், எதையாவது எடுத்து ஓரமாக வையுங்கள். பத்து நிமிஷத்தில் தீராமல் நாள்கணக்கில் நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ. இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், தம்பி, அன்றைக்கு டீக்குக் காசு கொடுக்க மறந்துவிட்டேன்.