எப்பொழுது புரட்டுவது?



மகாவலியின் கிளையொன்று கடலை நாடும் இடம் வெருகல். அங்கே ஆற்றங்கரை மரநிழலில் நால்வர் கடதாசி விளையாடிக்கொண்டிருக்கக் கண்டேன். இருவர் ஒரு பக்கம். அவர்களுடைய மைத்துனர் இருவர் மறுபக்கம். நம் நாட்டில் பெயர்பெற்ற 304 என்னும் ஆட்டம் அது.

இவ்வாட்டத்துக்கு 32 சீட்டுகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளியில்லை. ஓரினத்துக்கு 76 ஆக, நான்கினத்துக்கும் 304. துரும்பு கேட்டவர் அதனைக் குறிக்கும் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். இறங்கிய இனம் கையில் இல்லாதவர் தம் சீட்டையும் கவிழ்த்தே இடுவார். அது துரும்பாயின் புரட்டப்படும், பிடியும் அவர்க்காகும். அன்றேல் அது என்ன சீட்டென்று பிறர் அறியார்.

அன்று துரும்பு கேட்டவர் ஆடுதன் ஜாக்கை இறக்கினார். அடுத்தவர் ஒரு சீட்டைக் கவிழ்த்திட்டார். உடனே முதல்வரின் கை அதன்மேற் சென்றது. “பொறு மச்சான், நாலு சீட்டும் விழட்டும்!” என்று தடுத்தார் நான்காமவர். “துரும்பு விழுந்தால் புரட்டுறதுதானே முறை?” என்றார் முதல்வர். குரல் உயர்ந்தது, சீட்டுகள் மணலில் வீசப்பட்டன.

இதில் என்ன பெரிய வழக்கு என்று கேட்பீர்கள். மூன்றாமவர் முதல்வரின் கூட்டாளி. ஜாக்கே பிடிக்குமென்று நம்பினால் தம் ஆஸை அதனோடு சேர்ப்பார். துரும்பு வெட்டிவிட்டதென்று முன்னரே கண்டாலோ ஏழைப் போட்டு ஆஸைக் காத்துக்கொள்வார். ஒரு கணம் முந்திப் புரட்டுவதன் விலை 11 புள்ளிகள்.

குற்றம் எவர்மேலும் இல்லை, சொல்லின்மேலேயே உண்டு. ‘விழுந்தால்’ என்பது நிபந்தனையைச் சொல்லும்; காலத்தைச் சொல்லாது. ‘விழுந்தவுடன்’ என்றால் ஒரு விளையாட்டு. ‘நால்வரும் இட்டபின்’ என்றால் வேறொரு விளையாட்டு. ‘புரட்டலாம்’ என்பது உரிமை. ‘புரட்ட வேண்டும்’ என்பது கடமை. நம் தாய்மொழி இவற்றை ஒரு விகுதியிலேயே வேறுபடுத்தித் தருகிறது. நாமோ அவ்விகுதியை அசட்டை செய்கிறோம்.

பிரிட்ஜ் என்னும் ஆட்டத்தின் எழுதப்பட்ட சட்டங்களைப் பாருங்கள். கையில் இனம் இருந்தும் வேறு சீட்டு இட்டவர், அதனை உணர்ந்தால், திருத்த வேண்டும்; ஆனால் அவரோ அவர் கூட்டாளியோ அடுத்த பிடிக்குச் சீட்டு இட்டுவிட்டால் பொதுவாக அதைத் திருத்த இயலாது. எல்லை எதுவென்று அங்கே ஐயமில்லை.

304 ஆட்டத்தின் மரபும் தெளிவானதே. நால்வரும் இட்டபின், துரும்பு கேட்டவரே கவிழ்ந்தவற்றைப் பார்ப்பார்; துரும்பு இருந்தாற் புரட்டுவார். ஆயினும் வாய்மொழியாக வந்த விதியில் அந்த ‘பின்’ எளிதில் உதிர்ந்துவிடுகிறது.

அருகிருந்த முதியவர் ஒருவர் சீட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தார். “நாலும் விழுந்தாப்போல பார்ப்பம் எண்டு முதலே சொல்லிப்போட்டுப் போடுங்கோ” என்றார். மைத்துனர்கள் மீண்டும் அமர்ந்தனர்.

குலுக்குமுன் கூறிய ஒரு சொல், குலுக்கியபின் எழும் நூறு சொல்லைத் தடுக்கும்.