நற்கருணை வாங்கும் கைகள்

திருப்பலியில் மக்கள் நற்கருணை வாங்க எழுந்து வரும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி இன்று பேசுகிறேன். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டுமே சேர்த்துச் சுட்ட, புளிப்பில்லாத மெல்லிய அப்பம் அது. குருவானவர் அர்ச்சித்த பிறகு அது கிறிஸ்துவின் உடல் என்பது கத்தோலிக்கரின் விசுவாசம். அந்த விசுவாசம் உடம்பில் எப்படித் தெரிகிறது என்பதே என் பேச்சு.

எருசலேம் ஆயர் புனித சிரில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் பெயரால் வழங்கும் மறைக்கல்வி உரைகளில் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. அரசரை ஏற்கப்போகும் வலக்கைக்கு இடக்கை அரியணையாகட்டும், உள்ளங்கையைக் குழித்து ஏந்துங்கள் என்கிறார். பொற்பொடியைக் கையில் தந்தால் எவ்வளவு கவனமாக இருப்பீர்களோ, அதைவிட மேலான கவனம் ஒரு துகளுக்கும் வேண்டுமாம். இன்று பெரும்பாலும் இடக்கை மேலே இருக்கிறது. வலக்கை விரல்களால் எடுத்து உண்ண அதுதான் வசதி.

மேற்கில் பிற்பாடு நாவில் வாங்குவதே வழக்கமாயிற்று. ஆயர் பேரவைகள் கேட்டுக்கொண்டால் கையிலும் தரலாம் என்று 1969இல் வத்திக்கான் இசைந்தது. இரசத்தில் தோய்த்துத் தரும்போது மட்டும் இன்றும் நாவில்தான். இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதத்தில் எனக்கு நாட்டமில்லை. முக்காடிட்டு முழந்தாளில் நின்று நாவை நீட்டும் பாட்டியிடமும், கைகளை ஏந்தி நிற்கும் பேத்தியிடமும் அதே வணக்கத்தைப் பார்க்கிறேன். செருப்பை வாசலில் விட்டு வெறுங்காலோடு வருகிறார்களே நம் மக்கள், அதை உரோமைச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. அவர்களாகவே தரும் மரியாதை அது.

எனக்கு வருத்தம் தருவது அவசரம். 'கிறிஸ்துவின் திருவுடல்' என்று குருவானவர் உயர்த்திக் காட்டும்போது தலைவணங்கி, அவர் காதில் விழும்படி 'ஆமென்' சொல்ல வேண்டும். பலருக்கு அது உதட்டோடு நின்றுவிடுகிறது. வாங்கியதும் ஓரடி விலகி, பீடத்தைப் பார்த்தபடியே உட்கொண்டு, உள்ளங்கையில் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் முறை. நடந்துகொண்டே வாயில் போட்டுக்கொள்வது முறையல்ல.

ஆயத்தம் வீட்டிலேயே தொடங்குகிறது. 1953 வரை நள்ளிரவுக்குப் பின் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. 1964 முதல் ஒரு மணி நேர உபவாசம் போதும். தண்ணீரும் மருந்தும் தடையில்லை, நோயாளிகளுக்கு அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. சலுகை நல்லதுதான். ஆனால் முந்தின இரவே மனம் பூசைக்குப் போய்விடும் அந்தப் பழைய பசியை நாம் இழந்திருக்கிறோம் என்றே நினைக்கிறேன். பாவசங்கீர்த்தனமாவது அந்த இடத்தை நிரப்பட்டும்.

பாடகர் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். நற்கருணைக்குப் பின் மௌனத்துக்குத் திருப்பலி ஒழுங்கிலேயே இடமுண்டு. கடைசி ஆள் இருக்கைக்குத் திரும்புமுன் அடுத்த பாட்டுக்குக் கீபோர்டு தொடங்கிவிடுகிறது. அது முடிந்தால் பங்கு அறிவிப்புகள். நீங்கள் நன்றாகப் பாடுகிறீர்கள். அந்த இடத்தில் மட்டும் ஒரு பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.