மாட்டுங்காவில் வாங்கிய சுரைக்காய்

மும்பை மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய காய்கறிக் கடைகளில் புடலை, வாழைத்தண்டு, முருங்கை எல்லாம் நம்மூர்ச் சந்தை போலவே கிடைக்கும். அங்கே வாங்கிய பிஞ்சுச் சுரைக்காயைப் பாஸ்தாவுக்குப் பதிலாக வைத்தால் பிள்ளைகள் சாப்பிடுவார்களா? சாப்பிடுவார்கள், நறுக்குகிற விதத்தில் நறுக்கினால். தோலையும் விதைப் பகுதியையும் நீக்கி, நூல் போல நீளமாகச் சீவுங்கள். உப்புப் பிசறிச் சற்று நேரம் வைத்து, விட்ட தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும். பூண்டும் தக்காளியும் வதங்கிய வாணலியில் போட்டு, மிளகு தூவி, இரண்டே நிமிடம் புரட்டுங்கள். மூடி வைத்தீர்களோ, கூட்டாகிவிடும்!

வெந்த பாஸ்தா 100 கிராமில் சுமார் 150 கலோரி. சுரைக்காயில் 15 அளவுதான். ஆகவே காலையில் இதை மட்டும் சாப்பிட்டால் பதினோரு மணிக்கே பசிக்கும். வெந்த பாசிப்பயறு ஒரு கைப்பிடி சேருங்கள்.

சமைக்கும் முன் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு. கசக்கும் சுரை நஞ்சு.