கூறையும் ஆறும்



இந்த வாசகர் வட்டத்தில் திருப்பூரின் வரலாற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கே தொடங்குவது என்று யோசித்தபோது, பக்கத்திலிருக்கும் திருமுருகன்பூண்டிதான் நினைவுக்கு வந்தது. சேரமான் பெருமாளிடம் பரிசில் பெற்றுத் திரும்பிக்கொண்டிருந்த சுந்தரரை அந்த இடத்தில் வேடர்கள் வழிமறித்துக் கொள்ளையடித்தார்கள் என்பது தலபுராணம். அவர் பாடிய பதிகத்தில், வழிப்போக்கர்களைக் குத்தி அவர்கள் உடுத்தியிருக்கும் கூறையைப் பறித்துக்கொள்ளும் இடம் இது என்று இறைவனிடமே முறையிடுகிறார். கூறை என்றால் துணி. துணி போனதைத்தான் சொல்கிறார். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு கவிஞன் துணி பறிபோன இடம் என்று பாடி வைத்த பூமியிலிருந்து இன்றைக்கு உலகத்தின் பாதி நாடுகளுக்குத் துணி போகிறது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்குமேல் இந்த ஒரு ஊரின் கணக்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

சுந்தரர் வந்த அந்த வழி இருக்கிறதே, அது சும்மா ஒரு காட்டுவழி அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை குமரியிலிருந்து ஒரே சுவராக எழுந்து நிற்கிறது. அந்தச் சுவரில் இருக்கும் பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து கருவூருக்குப் போன வணிகர்கள் அந்த வாசல் வழியாக நுழைந்து, நொய்யல் கரையைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நடந்தார்கள். நம் ஊருக்குப் பக்கத்தில் கத்தாங்கண்ணியில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. இன்னும் கிழக்கே போனால் கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கே தோண்டியபோது மணிக்கற்களும் இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்ததை எல்லோரும் சொல்வார்கள். நூல் நூற்கும் சுடுமண் தக்களிகளும் கிடைத்ததை நாம்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஆற்றங்கரையில் பஞ்சும் நூலும் நேற்று வந்தவை அல்ல.

அந்த வாசல் நமக்கு வணிகத்தைக் கொடுத்தது, காற்றைக் கொடுத்தது. மழையைக் கொடுக்கவில்லை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றாக வந்து சேரும். மழை மறைவுப் பிரதேசம். கிணறு வெட்டி, பாறை உடைத்து, ஏற்றம் இறைத்து விவசாயம் பார்த்த பூமி. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலை நம் முன்னோர் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு அதன் வழியில் கட்டிய முப்பதுக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகளும் குளங்களும் சாட்சி. பேரூர்க்காரர்கள் அதைக் காஞ்சிமாநதி என்று கும்பிட்டார்கள். தண்ணீர் குறைவாக இருக்கிற ஊர்தான் தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழிக்கும். அந்தப் பழக்கம் எப்போது நம்மை விட்டுப் போனது என்பதைத்தான் இன்றைக்கு நான் பேச வந்தேன்.

தொழிலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1860களில் ரயில் வந்தது. 1900களின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. கிணற்றுப் பாசனத்தில் நன்றாக விளைந்தது. பஞ்சு மண்டியும் ஜின்னிங் ஆலையும் பெருகின. 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் உருவானபோது தமிழ்நாட்டுக் கதர் வேலைக்கு இந்த ஊர்தான் மையம். காந்தி இங்கே வந்து தங்கினார். 1932 ஜனவரி 10ஆம் தேதி விடுதலைப் போராட்ட ஊர்வலத்தில் கொடியைக் கீழே விடாமல் தடியடி வாங்கி மறுநாள் உயிர்விட்ட குமரன், சென்னிமலைக் கைத்தறி நெசவாளர் வீட்டுப் பிள்ளை. கொடியை நினைவில் வைத்திருக்கும் நாம், அவர் ஒரு நெசவாளி மகன் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

பனியன் வந்தது அதே காலத்தில். 1925 வாக்கில் குலாம் காதர் என்பவர் கல்கத்தாவிலிருந்து பின்னல் எந்திரம் கொண்டுவந்தார் என்று தொழில் வட்டாரத்தில் சொல்வார்கள். அன்றைக்குப் பனியன் என்றால் கல்கத்தா. ஐம்பது வருடத்தில் நிலைமை தலைகீழானது. 1978இல் மும்பை வழியாக ஓர் இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். உள்ளே போடும் பனியன் வெளியே போடும் சட்டையானது அப்போதுதான். 1980களின் நடுவில் ஏற்றுமதி சுமார் 10 கோடி ரூபாய். 2021-22இல் 33 ஆயிரம் கோடியைத் தாண்டியது.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் மனிதர்கள் இருக்கிறார்கள். காட்டை விற்று, நகையை அடகு வைத்து, நாலு மெஷின் போட்டு, தானே கட்டிங் வெட்டி, தானே பண்டல் சுமந்த முதலாளிகள் இருக்கிறார்கள்; அவர்களில் பலர் நேற்றுவரை தொழிலாளிகள். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் குடும்பத்தோடு பஸ் ஏறி வந்தவர்கள், இன்றைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலில் வந்திறங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒரு சட்டை எத்தனை கைகளைத் தாண்டிப் போகிறது! 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் இந்த ஊர் வேலைநிறுத்தம் செய்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த 127 நாளும் எங்கள் வீட்டில் கம்பங்கூழ்தான். வேலைநிறுத்தம் வேண்டாம் என்று என் அம்மா ஒரு நாளும் சொல்லவில்லை.

என் அப்பா தையலில் இல்லை. அவர் முதலில் சலவைப்பட்டறையிலும் பிறகு சாயப்பட்டறையிலும் வேலை பார்த்தார். அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றை உங்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

பின்னலில் இறங்கும் துணி அழகாக இருக்காது. பழுப்பேறிப் பிசுக்காக இருக்கும். பருத்தியின் மேல் ஒரு மெழுகு உண்டு. அதைப் போக்காமல் சாயம் ஏறாது. அவித்து, வெளுத்து, அலசி, பிறகு சாயத்தில் போடுவார்கள். சாயம் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கப் பார்க்கும். அதைத் தள்ளித் துணிக்குள் ஏற்றுவதற்குத்தான் உப்பு. மூட்டை மூட்டையாக உப்பு. அந்தக் காலத்து வின்ச் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆகும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: உப்பு துணியில் தங்காது. சாயத்தை உள்ளே அனுப்பிவிட்டு, போட்ட உப்பு முழுக்க அலசிய தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தை எடுத்துவிடலாம். 1990களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதைச் செய்தன. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். உப்பு அப்படியே உள்ளே இருக்கும். கண்ணுக்குத் தெரியாதது என்பதால் அந்த நஞ்சு சுலபமாக ஆற்றில் இறங்கியது.

சாயப்பட்டறை ஓரங்களில் ஓடிய சாக்கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என்ன நிறத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று ஜம்மனைப் பள்ளம் என்ற ஓடையைப் பார்த்தே சொல்லிவிடுவோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஊருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை கட்டினார்கள். ஈரோடு, கரூர்ப் பக்கத்து விவசாயிகளுக்குப் பாசனம் கொடுக்க. என் தாய்மாமன் காடு அந்தப் பக்கம்தான். அணை வந்தால் மஞ்சள் போடலாம், தென்னை வைக்கலாம் என்று வாய்க்கால் ஓரம் கன்றெல்லாம் நட்டார். அணையில் வந்து தேங்கியது திருப்பூரின் சாயத்தண்ணீர். அது நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளுக்குள் போனது. தென்னை குருத்திலிருந்து கருகியது. மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. தங்களுக்காகக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள், திறந்து விட்டுவிடுங்கள் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆனது. உலகத்தில் எந்தக் குடியானவன் இப்படி மனுக் கொடுத்திருப்பான்?

ஒரு பொங்கலுக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, திண்ணையில் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: "மச்சான், நீங்க அங்க கொட்டற உப்பு எங்கூட்டுக் கெணத்துல வந்து நிக்குதுங்க." கோபமே இல்லாமல் சொன்னார். அப்பா வெளுப்புத் தண்ணீரில் நின்று நின்று பிளந்துபோன தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. அவர் என்ன சொல்வார்? அந்த உப்பில்தான் நான் படித்தேன். என் தங்கை கல்யாணம் நடந்தது. ஒரே குடும்பத்தின் ஒரு கை கொட்டியதை இன்னொரு கை குடித்தது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஆற்றின் கீழ்ப்பக்கம் சொந்தபந்தம் உண்டு.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் பேசியது. 2011 ஜனவரி 28ஆம் தேதி, சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூட வேண்டும் என்று உயர்நீதிமன்றம் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். அந்த மாதங்களில் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். வாடகை வீடுகள் காலியாகின. அப்பாவுக்கு வேலை போனது; திரும்பவும் அவர் பட்டறைக்குப் போகவில்லை. அந்தத் தீர்ப்பை அன்றைக்கு நானும் திட்டினேன். இன்றைக்கு இந்த மேடையில் சொல்கிறேன்: அந்தத் தீர்ப்பு சரி. தாமதமாக வந்தது என்பது மட்டும்தான் என் குறை.

அதற்குப் பிறகு இந்த ஊர் செய்த காரியத்தை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை. சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்திப் பிரித்து, மிச்சமான உப்புக் கரைசலைக் காய்ச்சி ஆவியாக்கி, உப்பைத் தனியாக எடுத்து, தண்ணீரையும் உப்பையும் மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பது நீதிமன்ற உத்தரவு. அதற்கு மின்சாரமும் விறகும் கொஞ்சமா செலவாகிறது? மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பட்டறைக்காரர்களும் தங்கள் பங்கைச் சுமந்தார்கள். இவ்வளவு பெரிய ஒரு தொழில்நகரம் தன் அழுக்குத் தண்ணீரைத் தானே சுத்தம் செய்து தானே திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது சாதாரணக் காரியம் அல்ல. டி-ஷர்ட்டை யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம். வங்கதேசம் தைக்கிறது, வியட்நாம் தைக்கிறது. இந்தத் தண்ணீர் வித்தையைக் கற்றது நாம். சட்டைக்குப் பேரம் பேசும் வெளிநாட்டு வியாபாரி இந்தச் செலவுக்கும் சேர்த்து விலை கொடுக்க வேண்டும் என்று நம் ஏற்றுமதியாளர்கள் உரக்கக் கேட்க வேண்டும்.

ஆனால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். சுத்திகரிப்பில் மிஞ்சும் கசடும் கலப்பு உப்பும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. இருபது வருடம் மண்ணில் இறங்கிய உப்பு இருபது நாளில் போகாது. ஊரின் சாக்கடை இன்னும் ஆற்றில்தான் விழுகிறது. நமக்குக் குடிக்கவும் தொழிலுக்கும் தண்ணீர் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, காவிரியிலிருந்து குழாயில் வருகிறது. ஆற்றங்கரை ஊர் இன்னொரு ஆற்றிடம் கையேந்துகிறது.

அதற்காக நம்பிக்கை இழக்க வேண்டாம். பெரியபாளையம் பக்கம் நஞ்சராயன் குளத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நல்லாற்றுத் தண்ணீர் நிற்கும் குளம். இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்குகின்றன. 2024இல் அந்தக் குளம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பனியன் கம்பெனி ஊரில் இப்படி ஓர் இடம் இருப்பது என் பேத்திக்கு ஆச்சரியமாக இல்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

ஒரு வேண்டுகோளோடு உட்கார்ந்துவிடுகிறேன். ஏற்றுமதிக் கணக்கு வருடாவருடம் எழுதப்படுகிறது. தண்ணீரின் கணக்கு எழுதப்படவில்லை. சாயத்தொட்டியில் நின்றவர்கள், கிணறு உப்பானவர்கள், டேங்கர் லாரி ஓட்டியவர்கள், 2011இல் ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள், பட்டறையை மூடிய முதலாளிகள், இவர்கள் எல்லாம் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வாசலில் மேசை மேல் ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் ஒரே கேள்விதான்: நொய்யலில் கடைசியாக எப்போது கால் நனைத்தீர்கள்? எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் போதும். நூலகத்துப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். இந்தி பேசும் தம்பிகளும் அவர்கள் ஊர் ஆற்றைப் பற்றி எழுதலாம்.

முதல் பதிவை என் அப்பாவிடம் கேட்டு நேற்றே எழுதிவிட்டேன். எண்பத்திரண்டு வயது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உங்கம்மாளைக் கட்டிக்கிட்டு வந்த வருசம். மாமன் ஊருக்கு நடந்துதான் போனோம். முழங்கால் தண்ணி. மீன் கடிச்சுது."