சிறுவர் கண்ணில் நம் நாடு

(பொன்விழாச் சிறுவர் நாளன்று, பரிசளிப்புக்கு முன் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவையொட்டி மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் எழுத்துப் போட்டி வைத்தோம். ‘நம் நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த சுவையான செய்திகள்’ என்பது தலைப்பு. விதி ஒன்றே ஒன்றுதான்: செய்தியை எழுதியபின், அதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கீழே எழுதவேண்டும். அறுபத்து மூன்று தாள்கள் வந்தன. அத்தனையையும் மூன்று இரவுகளில் படித்து முடித்தோம்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். பாதிக்கு மேல் ஒரே தாளின் பிரதிகள். தேசியப் பறவை மயில், தேசிய மலர் தாமரை, கீழே “எனக்கு மிகவும் பெருமையாக இருக்கிறது.” கணக்கு நோட்டில் விடை எழுதுவதுபோல் பெருமையை எழுதியிருக்கிறார்கள். சில தாள்களில் கையெழுத்து பிள்ளையுடையது, வாக்கியம் அப்பாவுடையது. அவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

மற்றவற்றுக்கு வருவோம். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தேசிய இலச்சினையைப் பற்றி எழுதியிருந்தான். சாரநாத்தில் அசோகர் நிறுவிய தூணின் தலைப்பகுதி அது. 1950 ஜனவரி 26 அன்று நம் குடியரசின் சின்னமாயிற்று. தூணில் சிங்கங்கள் நான்கு. ரூபாய் நோட்டிலும் அரசாங்கக் கடிதத்திலும் நாம் பார்ப்பது மூன்று. அவன் கருத்து இது: “நாலாவது சிங்கம் பாவம். அது பின்னால் காவல் பார்க்கிறது. போட்டோவில் வராவிட்டாலும் வேலை பார்க்கிறது.” படித்ததும் நமக்கு ஏனோ கோயில்பிள்ளையின் நினைவு வந்தது. கடந்த ஒரு மாதமாகப் பந்தலும் பாத்திரமும் என்று அலைகிற அவர் இந்த மலரின் எந்தப் படத்திலும் இல்லை.

அவனே இன்னொன்றும் எழுதியிருந்தான். முன்பு தேசிய விலங்காக இருந்ததும் சிங்கம்தான். 1972-இல் எண்ணிப் பார்த்தபோது நாட்டில் 1,827 புலிகளே இருந்தன. 1973 ஏப்ரல் முதல் தேதி புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியது. அந்தக் காலத்தில்தான் சிங்கத்திடமிருந்த பட்டம் புலிக்குப் போயிற்று. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் புலிகள் 3,682. “பட்டம் கொடுத்ததால் புலி பிழைத்தது. சிங்கத்துக்குக் கோபம் வந்திருக்காது” என்று முடித்திருக்கிறான். பட்டத்தோடு பணமும் காவலும் சேர்ந்து போனதால்தான் பிழைத்தது, தம்பி. ஆனாலும் ஒன்பது வயதுக்கு இந்தக் கணக்கு போதும்.

ரூபாய் நோட்டின் பின்புறத்தைப் பற்றி இருவர் எழுதினார்கள். அங்கே பதினைந்து மொழிகளில் தொகை அச்சிட்டிருக்கும். ஒரு பையன் விரல் வைத்து எண்ணி, தமிழ் பதின்மூன்றாவது இடத்தில் இருக்கிறது என்று வருத்தப்பட்டிருந்தான். ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருக்கிறார்கள், வேறு காரணமில்லை. இன்னொரு சிறுமியோ அங்கே இல்லாதவற்றை எண்ணினாள். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள். நோட்டில் இந்தியையும் சேர்த்தால் 16. மைதிலி, சந்தாலி, போடோ, டோக்ரி, மணிப்புரி, சிந்தி ஆகிய ஆறும் இல்லை. அவள் எழுதியது: “அந்தப் பிள்ளைகள் கடைக்குப் போனால் நோட்டைத் திருப்பிப் பார்ப்பார்களா?” நாம் அதற்குப் பிறகு நோட்டைத் திருப்பிப் பார்க்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை.

சிந்தி என்றதும் தேசிய கீதம் பற்றிய தாள் நினைவுக்கு வருகிறது. தாகூர் இயற்றி 1911 டிசம்பரில் கல்கத்தாவில் முதலில் பாடப்பட்ட கீதம் அது. 1950 ஜனவரி 24 அன்று தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. அதில் சிந்து நாட்டின் பெயர் வருகிறது. சிந்துவோ 1947 முதல் பாகிஸ்தானில் இருக்கிறது. அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று வழக்கே நடந்து, 2005-இல் உச்ச நீதிமன்றம் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. நீதிபதிகளின் காரணம் வேறு. நம் ஆறாம் வகுப்புப் பெண்ணின் காரணம் வேறு. “எங்கள் பூட்டி பர்மாவிலிருந்து வந்தவர். சாகும்வரை ‘நம்ம ரங்கூன்’ என்றுதான் சொல்வாராம். ஊரை விட்டு வந்தால் பேரையும் விட்டு வரணுமா?” அறுபதுகளில் பர்மாவிலிருந்து கையில் ஒரு பெட்டியோடு கப்பலேறிய குடும்பங்கள் இக்கூட்டத்திலும் இருக்கின்றன. அவர்கள் முகத்தை இப்போது பார்த்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறோம்.

இனி, நடுவர்களுக்குள் சச்சரவை உண்டாக்கிய தாள்கள் இரண்டு.

முதலாவது. “இந்தியா ஒருபோதும் வேறு நாட்டின்மீது படையெடுத்ததில்லை” என்ற வாசகத்தை நீங்கள் பல இடங்களில் படித்திருப்பீர்கள். சுதந்திர தினப் பேச்சுகளில் தவறாமல் வரும். பதினேழு பிள்ளைகள் அதை எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் கீழே கேட்டிருந்தான்: “அப்படியானால் ராஜேந்திர சோழன் எந்த நாடு?” பாடப் புத்தகம் சொல்வது இதுதான்: 1025-ஆம் ஆண்டு வாக்கில் ராஜேந்திரனின் கப்பற்படை கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது; அவன் கடாரங்கொண்டான் என்று பெயர் பெற்றான். அதற்கு முன்பே அவன் தந்தையின் படை ஈழத்தில் அனுராதபுரத்தை அழித்தது. பையன் எழுதுகிறான்: “சோழன் கடல் தாண்டிப் போனான் என்று தமிழ் வகுப்பில் கைதட்டினோம். நாம் யார் மேலேயும் படையெடுக்கவில்லை என்று சுதந்திர தினத்தில் கைதட்டினோம். இரண்டுக்கும் கைதட்ட முடியாது. எதற்கு என்று டீச்சர் சொல்லவில்லை.”

நடுவர் ஒருவர் இதை அதிகப்பிரசங்கித்தனம் என்றார். சோழன் காலத்தில் இந்தியா என்ற நாடு ஏது, ஆகவே வாசகம் சரியே என்றும் வாதாடினார். வாதம் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் இந்தியா என்ற நாடு அன்று இல்லை என்றால், அது பல்லாயிரம் ஆண்டுகளாகப் படையெடுக்கவில்லை என்ற பெருமை யாருடையது? பையனுக்கு முழு மதிப்பெண் போட்டோம்.

இரண்டாவது தாள் ஐந்தாம் வகுப்புச் சிறுமியுடையது. நான்கே வரி. செய்தி: “அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அது 1950-இல் நடைமுறைக்கு வந்தது.” கருத்து: “இது எனக்குப் பிடித்த செய்தி. ஆனால் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறது. சட்டத்துக்கு அது தெரியாது போலிருக்கிறது.”

இங்கே இருக்கிறவர்களில் பெரியவர்கள் எல்லாருக்கும் அந்தச் சுவர் தெரியும். இடுப்பளவு உயரம். யார் கட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. கட்டியவர்கள் எவரும் இன்று உயிரோடு இல்லை, சிலர் அதன் ஒரு பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறை மந்திரிக்கும்போது தீர்த்தச் செம்போடு அதைச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போகவேண்டியிருக்கிறது. தீண்டாமைக் குற்றங்களுக்கான தனிச் சட்டம் 1955-இலேயே வந்துவிட்டது. இந்தப் பங்கு ஏற்பட்டதோ அதற்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்து.

“நாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் ஊர் விவகாரத்தை எழுதியிருக்கிறாள், தலைப்புக்குப் பொருந்தாது” என்றார்கள். வேறு சிலர் அறை வீட்டுக்கே வந்து, பொன்விழா நேரத்தில் இது வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னார்கள். இன்னும் சிலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அந்தப் பெண் சுவருக்கு எந்தப் பக்கத்துப் பிள்ளை? அதை நாம் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டோம். யாரும் அவளைத் தேட வேண்டியதுமில்லை. அவள் எழுதியது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைத்தான்.

மயிலும் தாமரையும் எழுதிய பிள்ளைகளுக்கு நாடு புத்தகத்தில் இருந்தது. இவளோ புத்தகத்தில் படித்ததை எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டியின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். தலைப்புக்குப் பொருந்தும் என்று தீர்மானித்தோம். முதல் பரிசு அந்தத் தாளுக்கே. பெயரை வாசிக்கப் போவதில்லை. பரிசை வீட்டில் சேர்ப்பித்தாயிற்று.

பங்குப் பேரவை இம்மாதக் கடைசி ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பின் கூடுகிறது. சுவர் பற்றிய விஷயம் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக எழுதப்பட்டிருக்கிறது. பேரவை உறுப்பினர் அல்லாதவர்களும் வந்து பேசலாம். நாற்காலிகள் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறோம். சுவர் இருக்கவேண்டும் என்று நினைக்கிறவர்களும் வரட்டும். ஆனால் அதற்கான காரணத்தை, இப்பிள்ளைகள் செய்ததுபோல, ஒரு தாளில் எழுதிக் கீழே கையெழுத்திட்டுக் கொண்டுவரட்டும்.

இனி மற்றப் பரிசுகள். பெயர் வாசிக்கும்போது பிள்ளைகள் மேடையின் இடப்புறமாக ஏறி வரவேண்டும். சிங்கம் எழுதிய தம்பி எங்கே? நீ முதலில் வா.